வாலையும் கையாக எண்ணிய நரி

புளியமரத்தடி ஆஸ்பத்திரியில் மந்தி, கொக்கு, ஆமை மூன்றும் நர்ஸ் வேலை பார்த்தன. அங்கே புது நிர்வாகியாக ஒரு நரி வந்து சேர்ந்தது.

"கொக்கே, என்ன சும்மா நிற்கிறாய்?"

"முயலுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்கிறேன், ஐயா."

"பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா! ஆமையே, ஒரு மருந்து கொடுக்க அரை நாளா?"

"யாருக்கு எது என்று பார்த்துத்தானே கொடுக்கணும், ஐயா!"

நரி இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மந்தி பதறியது. "நான் ஒருத்தி எப்படி ஐயா சமாளிப்பேன்?"

"உனக்கென்னம்மா! கை இரண்டு. காலும் கை மாதிரிதான். வாலையும் சேர்த்தால் ஐந்து!"

"கை ஐந்து, சரி. கண் இரண்டுதானே ஐயா!"

"எதிர்த்துப் பேசாதே!"

அப்புறம் மந்தி ஒரு கையால் கரடிக்குக் கட்டுப் போட்டது. மறு கையால் முயலுக்குக் கஞ்சி ஊட்டியது. காலால் மான்குட்டியின் தொட்டிலை ஆட்டியது. வாலால் மருந்து நீட்டியது. சாப்பிட நேரமில்லை. நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டது.

ஒருநாள் கெட்டுப்போன நண்டைத் தின்ற நரிக்கு வயிற்றுப்போக்கு. அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தது. பக்கத்தில் மலச்சிக்கலோடு யானை.

"சிஸ்டர், சீக்கிரம்!"

"இதோ ஐயா!" மந்தி கரடியின் கட்டை விட முடியாமல், திரும்பிப் பார்க்காமலே வாலால் இரண்டு மருந்தையும் நீட்டியது. நரியின் கஷாயம் யானைக்குப் போனது. யானையின் விளக்கெண்ணெய், ஒரு குடம், நரிக்கு!

நரி புதருக்கும் படுக்கைக்கும் ஓடிற்று. பிறகு ஓடவும் தெம்பில்லை. கண் செருகியது.

"உயிர் போகிறதே!"

"எனக்கு ஒன்றுமே போகவில்லை. நீ கொடுத்து வைத்தவன்!" என்றது யானை. நரியின் முகத்தைப் பார்த்ததும் பயந்து பிளிறியது.

மந்தி ஓடிவந்து அழுதது. "உங்கள் பக்கத்திலேயே இருந்தால் மான்குட்டியை யார் பார்ப்பது, ஐயா?"

"கொக்கைக் கூப்பிடு! ஆமையையும்!" நரி முனகியது.

யானை முனகிக்கொண்டே போய் இருவரையும் முதுகில் ஏற்றி வந்தது. ஆமை மருந்துகளைப் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தது. கொக்கு நரியின் தலைமாட்டில் ஒற்றைக் காலில் நின்றது.

வெகுநேரம் கழித்து நரி கண் திறந்தது.

"கொக்கே, சும்மாதானே நிற்கிறாய்?"

"ஆமாம் ஐயா."

"அப்படியே நில்! நகர்ந்துவிடாதே!"

நோயாளியைக் கவனிப்பவர் மேல் தாங்காத சுமையை ஏற்றினால், அது கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழும்.