வாய் திறக்காத மீன்

வலையில் சுற்றிக்கொண்ட பாசியைக் கிள்ளிக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள் இருளேஸ்வரி. பாசியோடு வரும் காரல் மீன் ஒரு கூடைக்கு, சூடை இன்னொரு கூடைக்கு. கை அதுபாட்டுக்கு வேலை பார்த்தது. காது மட்டும் கரையில் இருந்தது. அங்கே படகு நிழலில் அவள் புருஷன் நம்புராஜன், நாலு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். விடியக் கடலிலிருந்து வந்தவன். அவனுக்கு அவள் கொண்டுவந்த சோற்றுச்சட்டி மூடினது மூடினபடியே இருந்தது.

அவளுக்கு எதிரே, முழங்கால் தண்ணீரில், டிராயிங் மாஸ்டர் சொக்கலிங்கம் வெள்ளைப் பேசினோடு நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அந்தக் கரையின் மீன்களையெல்லாம் வரைந்து புத்தகம் போடக் கிளம்பியவர். வரைந்துவிடலாம், பேர் தெரியவேண்டுமே. ஆண்கள் எல்லாம் வேலை இருக்கு சார் என்று நழுவிவிட, அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன இருளேஸ்வரிதான் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அவளை அவர் குரு என்றுதான் கூப்பிடுவார். சீடருக்கு அறுபது வயது, குருவுக்கு இருபத்துமூன்று. அவர் கூப்பிடும்போதெல்லாம் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

பிடித்தது யார் என்று எழுதுவதற்காகக் கேட்டால் மட்டும் குருவிடமிருந்து பதில் வராது. “பாப்பா அப்பா” என்பாள். கட்டின நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாய் சொன்னதில்லை. அவள் பிறந்த வீட்டில் பெண்கள் யாருமே சொன்னதில்லை. ரேஷன் கார்டிலாவது அவனுக்குப் பேர் இருக்கிறதா என்று மாஸ்டர் கேலி செய்வார்.

பேசினில் ஒரே ஒரு மீன். விரல் நீளம். பெரிய கண், வாலடியில் கரும்பொட்டு. தாடை மட்டும் வீங்கினதுபோல் இருந்தது. நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், கடைசிப் பக்கம் இந்த மீனுக்காகக் காத்திருந்தது.

“இதுக்கு என்ன பேர், குருவே?”

“பேரு இல்ல சார். கறிக்கு ஆகாதுன்னு கழிச்சுப் போடுவோம்.”

அப்படியென்றால் பல்லைப் பார்த்துத்தான் இனம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் மாஸ்டர். பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தார். வாயைப் பிளந்தால் மீன் பிழைக்காது, அது அவருக்கும் தெரியும். இரண்டு வருஷ உழைப்பு, ஒரு மீனுக்காக நின்றுபோவதா?

அவள் தடுக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு கூனி இறாலைப் பிய்த்துப் பேசினில் போட்டாள். மீன் முகர்ந்தது, விலகிப்போனது. இன்னொன்று போட்டாள். அதையும் தொடவில்லை.

“கூனியை வேண்டாம்னு சொல்ற மீனு கிடையாது சார். கொஞ்சம் பொறுங்க.”

பேசினின் விளிம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டாள். இருவரும் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். இடுப்பு வலித்தது மாஸ்டருக்கு.

கடைசியில் மீன் ஒரு கொட்டாவிபோல வாயைத் திறந்தது. உள்ளே ஜவ்வரிசி அள்ளி வைத்ததுபோல முட்டைகள். ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மாஸ்டரின் கை இடுக்கியோடு கீழே இறங்கிவிட்டது. அதைப் பையில் போட்டார். இப்படி வாயில் சுமப்பது தகப்பன் மீன் என்று எங்கோ படித்திருக்கிறாராம். குஞ்சு பொரிக்கும்வரை இரை தின்னாதாம்.

“தகப்பனா?” என்று கேட்டாள் இருளேஸ்வரி.

அவள் கண் கரைக்குப் போனது. பிரசவத்தில் அவள் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். எடை பத்தாத பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு அந்த ஒன்பது நாளும் ஒருத்தன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தானாம். டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை என்று நர்சம்மாதான் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை.

பேசினை மெல்லச் சாய்த்தாள். மீன் பாசிக்குள் நுழைந்து மறைந்தது.

“நல்லவேளை, என்னைப் பாவத்திலிருந்து காப்பாத்தினே,” என்றார் மாஸ்டர். “படத்தை மனசிலிருந்தே வரைஞ்சிடுவேன். பேர் இல்லாம எப்படிக் கொடுப்பேன், குருவே?”

அவள் கையை அலம்பி முந்தானையில் துடைத்தாள். கரையில் அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான். சோற்றுச்சட்டி இன்னும் மூடித்தான் இருந்தது. முந்தானை இந்தத் தடவை வாய்க்குப் போகவில்லை.

“எழுதிக்கிருங்க சார். இது பேரு நம்பு…”

“இருளு, பிள்ளைக்குப் பசி வந்துருச்சு” என்று கரையிலிருந்து நம்புராஜன் கூப்பிட்டான். “…ராஜன், சார்” என்று முடித்துவிட்டுக் கரையைப் பார்த்து நடந்தாள் இருளேஸ்வரி.