கொய்ரோவின் நான்காவது பொருள்

கலீசியா, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் மழைநாடு. அங்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் ஸபேலா என்ற பெண்மணி தம் மொழிக்கு அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் அமாரோ, ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார். குருவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர்.

“வாத்தியாரே, வீட்டுப்பாடம் முடித்தாயிற்றா?” என்று ஊரார் கேலி செய்வார்கள். “இன்னும் இல்லை” என்று அவரும் சிரிப்பார்.

ஒருநாள் காலை, ‘கொய்ரோ’ என்ற சொல்லுக்கான சீட்டை அவர் குருவிடம் நீட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது:

கொய்ரோ. ‘கோரியும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று, விலங்கின் தோல். இரண்டு, பதனிட்ட தோல். மூன்று, மனிதத் தோல். ‘கொய்ரோவில் நிற்கிறான்’ என்றால் உடம்பில் துணியில்லாமல் நிற்கிறான்.

ஸபேலா இரண்டு முறை படித்தார்.

“நாலாவது எங்கே ஐயா?”

“நாலாவது இல்லை அம்மா.”

“சந்தைக்குப் போனால் தினமும் என் காதில் விழுகிறதே.”

அமாரோ தலைகுனிந்தார்.

“கெட்ட ஆளைத் திட்டுகிற சொல். தோல் பதனிடும் தெருக்காரர்களைக் கண்டால் வேண்டுமென்றே அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அகராதியில் சேர்க்கமாட்டேன் என்று அந்தத் தெருவில் தோல் பதனிடும் டொரிண்டாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் மகள் படிக்கும் பள்ளிக்கு நம் புத்தகம் போகப்போகிறது. நாளை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். நான் என்ன செய்யட்டும்?”

ஸபேலா குடையை எடுத்தார். “வாருங்கள்.”

டொரிண்டா தோல் ஊறும் குழியருகே நின்றிருந்தாள். குழி நிறைய ஓக் மரப்பட்டை ஊறிய பழுப்புத் தண்ணீர்.

“அடடே, அகராதியே நடந்து வருகிறதே! பார்த்து வாங்க, வழுக்கும்.”

அவள் ஒரு தோலை வெளியே இழுத்துப் பலகைமேல் போட்டாள். இருபுறமும் அழகான பழுப்பு நிறம்.

“தயாராகிவிட்டது!” என்றார் அமாரோ.

“வாத்தியாருக்கு என்ன அவசரம்?”

டொரிண்டா கத்தியால் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிக் காட்டினாள். வெட்டிய இடத்தில், இரண்டு பழுப்புக்கும் நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு.

“பத்து மாதம் ஊறியும் நடுவில் பதம் ஏறாமல் பச்சைத்தோலாகவே இருக்கிறது, பாருங்கள்.”

“கோடுதான் வெளியே தெரியாதே. இப்படியே பூட்ஸ் தைத்தால் என்ன?” என்று கேட்டார் ஸபேலா.

“ஒரே மழைக்காலம். உள்ளேயிருந்து அழுகும். வெட்டிப் பார்க்காமல் எங்கள் தெருவில் ஒரு தோலும் வெளியே போகாது.” அவள் தோலை மறுபடி குழிக்குள் தள்ளினாள்.

ஸபேலா சீட்டைப் பலகையின் காய்ந்த பக்கத்தில் வைத்து, பென்சிலை அமாரோவிடம் கொடுத்தார்.

“எழுதுங்கள் ஐயா. நான்கு. வசைச்சொல். கெட்ட ஆள்.”

அமாரோவின் கை நகரவில்லை.

“அப்போ எழுதத்தான் வந்தீர்களா? என் மகள் அதைப் படிக்கவேண்டுமா?” என்றாள் டொரிண்டா.

“புத்தகத்தில் இல்லையென்றால் சந்தையில் சொல்வதை நிறுத்திவிடுவார்களா டொரிண்டா?” என்றார் ஸபேலா.

அவள் கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

“ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஓர் உதாரண வாக்கியம் போடுவோம். ஊரில் யாராவது வாயால் சொன்னதாக இருக்கவேண்டும். நாலாவதற்கு இன்னும் வாக்கியம் இல்லை. நீ சொல்” என்றார் ஸபேலா.

டொரிண்டா கைகளைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“‘என்னைக் கொய்ரோ என்று திட்டிய கடைக்காரர், நான் பதனிட்ட பூட்ஸில் நின்றுகொண்டுதான் திட்டினார்.’”

அமாரோ குருவைப் பார்த்தார். பிறகு டொரிண்டாவைப் பார்த்தார்.

“உனக்குக் கொடுத்த வாக்கு?”

“அதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் வாத்தியாரே. எழுதுங்கள். என் பெயரையும் போடுங்கள்.”

ஒரு சொல்லும் மாற்றாமல் அவர் எழுதினார். திரும்பும் வழியில் ஆற்றுப்பாலத்தின்மேல் நின்றுவிட்டார்.

“அம்மா, புத்தகம் வந்ததும் கடைக்காரர் சண்டைக்கு வருவாரே?”

“வருவார், வாய்க்கு வந்ததைச் சொல்வார்” என்றார் ஸபேலா. “பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.”