ராஜாவின் முழங்காலும் கொண்டலின் குளம்பும்

குதிரைக்கு லாடம் அடிக்க யாரும் கற்றுக்கொள்ளாத காலம் அது, கேளுங்கள். அப்போது மருதவள நாட்டைக் கொற்றவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், வீம்புதான் கொஞ்சம் அதிகம். முழங்காலில் அவருக்குத் தீராத வலி. சபையில் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்பார். அந்தப்புரத்துக்கு வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார்.

"வைத்தியரைக் கூப்பிடட்டுமா?" என்பாள் ராணி நங்கை.

"ராஜாவுக்கு முழங்கால் வலி என்று ஊர் சிரிக்கவா? பேசாமல் இரு."

ராஜாவுக்கு உயிருக்கு உயிரான குதிரை ஒன்று இருந்தது. பெயர் கொண்டல். அவர் கையால் வெல்லம் தின்று வளர்ந்த குதிரை. அது திடீரென்று சேணத்தைக் கண்டாலே பின்வாங்கத் தொடங்கியது. ஏறி உட்கார்ந்தால் இரண்டடி வைத்து நின்றுவிடும்.

மந்திரி வந்து பார்த்தார். கொண்டல் காதை நிமிர்த்தி, நாலு காலையும் ஊன்றி நின்றது. "இதற்குத் திமிர்" என்றார். சேனாபதி வந்து பார்த்தார். அப்போதும் அப்படியே நின்றது. "இதற்குச் சோம்பல்" என்றார். ஜோசியர் வந்து பார்த்தார். அப்போதும் அப்படியேதான். "இதற்குச் சனி" என்றார்.

மூவரும் கூடிப் பேசி, மலையடிவாரத்தில் கல்வண்டி இழுக்க அதை அனுப்பிவிடலாம் என்றார்கள். அங்கே போன குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை. ராஜாவுக்கு அதை அனுப்ப மனமே இல்லை. ஆனால் சபைக்கு முன்னால் கலங்கலாமா? "சரி, நாளைச் சாயங்காலம் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் உச்சிவேளையில், லாயத்து ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ராஜா மடியில் வெல்லத்தை முடிந்துகொண்டு தனியாகப் போனார். கடைசியாக ஒருமுறை ஊட்டிவிட ஆசை. லாயத்தின் பின்வாசலைத் தாண்டியதுமே முழங்கால் சதி செய்தது. யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? புல்லுக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து காலை நீவினார்.

கட்டுகளின் இடுக்கில் கொண்டல் தெரிந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி வைத்திருந்தது. காதுகள் பின்னால் மடிந்து கிடந்தன. எதிரே இருந்த கொள்ளுத் தீவனத்தை அது தொடவே இல்லை.

அந்தச் சமயம் லாயக்காரன் ஒருவன் செம்பை எடுக்க வந்தான். உடனே கொண்டல் காலை ஊன்றிக் காதை நிமிர்த்தியது. அவன் போனதும் கால் மறுபடி மேலே போயிற்று.

'அட, நான் சபையில் செய்வதையல்லவா இது செய்கிறது' என்று ராஜா நினைத்தார். அதற்குள் புல்தூசி மூக்கில் ஏறிப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. ராஜா பதறி எழுந்தார். கொண்டல் திடுக்கிட்டுத் திரும்பியது. மறுகணம் இருவரும் ஒன்றுமே நடக்காதது போல விறைப்பாக நின்றார்கள்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "என்னிடமுமா மறைக்கிறாய்?" என்று தரையில் உட்கார்ந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். அது அனலாகக் கொதித்தது.

வைத்தியர் ஓடி வந்தார். கூரான கல்சில்லு ஒன்று குளம்புக்குள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது. சில்லை எடுத்து, சீழை வடித்து, வேப்பிலை கொதித்த நீரில் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"காட்டில் நொண்டுகிற மானைத்தானே புலி பிடிக்கிறது, மகாராஜா? அந்தப் பயத்தில்தான் இவையெல்லாம் வலியை வெளியே காட்டுவதில்லை" என்றார்.

"ராஜாக்களுக்கும் அந்தப் பயம் உண்டு" என்று கொற்றவேள் முழங்காலை நீட்டினார்.

கொண்டல் கல்வண்டிக்குப் போகவில்லை. ஓய்வும் மருந்தும் கிடைத்ததும் பழையபடி ஓடியது. ராஜா எண்ணெய்க் கட்டோடு சபைக்கு வந்து, எல்லார் முன்னாலும் காலை முக்காலியில் தூக்கி வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மந்திரி பல்வலி என்றார், சேனாபதி இடுப்பு என்றார், ஜோசியர் மெல்லத் தோளைத் தடவினார்.

"சனி எல்லாரையும் பிடித்திருக்கிறது போலிருக்கிறது" என்றாள் ராணி நங்கை. அதற்குச் சபையே சிரித்தது.

ஆகவே கேளுங்கள்: வாயில்லாத ஜீவன் முரண்டு பிடித்தால், அதை அடிப்பதற்கும் விரட்டுவதற்கும் முன்னால் அதற்கு எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.