ஆட்காட்டி டீச்சரும் திரும்பிப் பார்க்காத மான்குட்டியும்

ஒரு காட்டில் ஆட்காட்டிக் குருவி ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது, பிள்ளைகளே. அங்கே ஒரே ஒரு பாடம்தான். டீச்சர் குரல் கொடுத்ததும் மேய்வதை விட்டுவிட்டு முட்புதருக்குள் ஓடி ஒளிய வேண்டும். அது தெரிந்த குட்டிகள்தான் கோடைக்குப் பெரிய புல்வெளிக்குப் போகலாம். தெரியாத குட்டி, புல் முளைக்காத பாறைமேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆட்காட்டி கூவியதும் முயல்குட்டி ஓடியது. காட்டுப்பன்றிக் குட்டி ஓடியது. தும்பை என்ற மான்குட்டி மட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

தும்பைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அது யாருக்கும் தெரியாது. அம்மா மான் எப்போதும் மூக்கால் தொட்டுத்தான் கூப்பிடும். அதனால் அதற்கும் தெரியாது. பாவம், தும்பைக்கே தெரியாது.

“காதுல புல்லு முளைச்சிருக்கும் டீச்சர்,” என்றது பன்றிக்குட்டி.

“சும்மா இருடா. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னா மண்டையில ஏறும்,” என்றது ஆட்காட்டி.

பக்கத்தில் போய்க் கூவியது. காதருகே நின்று கூவியது. அலகு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்த தும்பை, விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது.

ஆட்காட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா மானைக் கூப்பிட்டு, “உங்க பொண்ணு நாளைக்குப் புல்வெளிக்கு வர வேண்டாம்,” என்றது.

“கோடை முழுக்க அவ என்னத்தைத் தின்னுவா டீச்சர்?”

“நான் என்ன செய்யட்டும்? எல்லாருக்கும் ஒரே குரல்லதான் சொல்லித் தரேன். யாருக்கும் ஒரு குறையும் வைக்கலையே.”

அம்மா மான் பாறைமேட்டில் ஒரு புல்லாவது இருக்கிறதா என்று தேடப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து நரி ஒன்று புல்லை விலக்கிக்கொண்டு வந்தது. ஆட்காட்டி கூவியது. எல்லாக் குட்டிகளும் புதருக்குள் பாய்ந்தன. தும்பை நரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்தது.

“கத்துங்க டீச்சர், நல்லாக் கத்துங்க,” என்று சிரித்தது நரி. “நீங்க காலையிலிருந்து கத்தினதைக் கேட்டுத்தான் ஆத்தங்கரையிலிருந்து வரேன்.”

ஆட்காட்டி மறுபடி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை, தொண்டை கட்டிவிட்டது. வேறு வழி தெரியாமல் பறந்து போய், தும்பையின் கண்ணுக்கு நேரே இறக்கை இரண்டையும் விரித்தபடி விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் ஏதோ பளிச்சிடவும் தும்பை துள்ளி ஒரே ஓட்டமாகப் புதருக்குள் போய்விட்டது. ஆட்காட்டியும் எழும்பிப் பறந்துவிட்டது. நரியின் வாயில் புல்தான் அகப்பட்டது.

நரி போனபின் ஆட்காட்டி தும்பைக்குப் பின்னால் நின்று கல்லைக் கொத்திச் சத்தம் எழுப்பியது. தும்பை அசையவில்லை. முன்னால் வந்து இறக்கையை விரித்தது. தும்பை உடனே ஓடியது.

ஆட்காட்டி நேரே அம்மா மானிடம் போனது. “பொண்ணுக்குக் காது கேக்காதும்மா,” என்றது கரகரத்த குரலில். “அது தெரியாம, அவளைப் போய் மக்குன்னு நினைச்சுட்டேன். நாளைக்கு அவளும் வரட்டும்.”

மறுநாள் பெரிய புல்வெளியில் ஆட்காட்டி இறக்கையை விரித்துக்கொண்டே கூவியது. முதலில் ஓடியது தும்பைதான்.

பன்றிக்குட்டி மெல்லக் கேட்டது: “டீச்சர், நான் எந்நேரமும் மூஞ்சிய மண்ணுக்குள்ள வச்சிருக்கேனே. எனக்கு எப்படி றெக்கை தெரியும்?”

“உனக்காகத்தான்டா கத்தவும் செய்யறேன்,” என்றது ஆட்காட்டி.

நீதி: ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால், சொல்லித் தரும் வழியை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.