மூன்றுகால் சாம்பியும் புலம்பல் போட்டியும்

ஒரு காட்டில், ஓடைக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு ஒரு பாறை இருந்தது. அந்தப் பாறைமேல் நின்று சாம்பி என்ற நாய் காவல் காத்து வந்தாள்.

சிறுத்தையின் வாடை அடித்தால் போதும், சாம்பி குரைப்பாள். குரைத்ததும் மந்தி மரமேறுவாள், பன்றி புதருக்குள் பாய்வான், முயல் வளைக்குள் ஒளிவான். "சும்மா குரைக்கிற நாய்" என்று அவளை யாரும் ஏசியதில்லை. அவள் குரைப்பதால்தான் காட்டில் பாதிப்பேர் மறுநாள் விடியலைப் பார்த்தார்கள்.

ஒருநாள், பன்றிக்கு யாரோ வைத்திருந்த கம்பிக் கண்ணியில் சாம்பியின் இடது முன்னங்கால் மாட்டிக்கொண்டது. கம்பி எலும்புவரை இறங்கிவிட்டது. நண்டு வைத்தியர் வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர்.

"கால் வேணுமா, நாய் வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது வெடுக்கியிடம். வெடுக்கி ஒரு கீரி, சாம்பியின் உயிர்த்தோழி. எதையும் எதிர்த்துக் கேட்காமல் விடமாட்டாள். சூரியன் கிழக்கே உதித்தால்கூட, "ஏன், யாரைக் கேட்டு?" என்று நிற்பாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு வாதாட வாய் வரவில்லை.

"நாய்தான் வேணும், வைத்தியரே," என்றாள்.

நண்டு தன் கொடுக்கால் காலை எடுத்தார். தையல்சிட்டு, சிலந்தி நூலால் தோலை இழுத்துத் தைத்தாள். காயத்தைச் சாம்பி நக்கிவிடக் கூடாதே என்று தேக்கிலைகளைக் கூம்பாகத் தைத்து அவள் கழுத்தில் மாட்டியும் விட்டாள்.

"நக்கினா பிரியும். பாறை ஏறினாலும் பிரியும்," என்றாள் தையல்சிட்டு. "என் தையல் இதுவரைக்கும் பிரிஞ்சதில்லை. உன்னால எனக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது, ஆமா." அவளுக்குத் தன் தையல்தான் உலகம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாம், ஆனால் வெறும் வாயோடு திரும்பக் கூடாது. ஒரு பாராட்டாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் மரியாதை.

ஆகவே எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள்.

"ஒரு கால் போனா என்னடி சாம்பி? நீ சிங்கம்," என்றாள் மந்தி.

"முகத்துல ஒரு சுளிப்பு உண்டா பாருங்க. இதுவல்லவா நெஞ்சுரம்," என்று தும்பிக்கையை ஆட்டினார் யானை.

"எனக்கு ஒரு இறகு விழுந்தாலே நாள்பூராச் சாப்பாடு இறங்காது. நீ எங்கே, நான் எங்கே," என்றான் மயில்.

பன்றி ஒருபடி மேலே போனான். "அந்தப் பாறைமேல நீ நிக்கிறதைப் பார்த்தாத்தான் எங்களுக்கு உயிரே வரும், சாம்பி. நீ நிப்பே. எனக்குத் தெரியும்."

சாம்பி இலைக்கூம்புக்குள்ளிருந்து எல்லோரையும் பார்த்தாள். வாலை ஆட்டினாள். பாராட்டு யாருக்குத்தான் பிடிக்காது?

சில நாள் கழிந்தது. வெடுக்கி ஒருநாள் காலையில் வந்து பார்த்தபோது, முந்தின நாள் வைத்த இறைச்சி அப்படியே கிடந்தது. அதில் எறும்பு மொய்த்தது. சாம்பி காயம்பட்ட பக்கத்தைப் பாறையோடு ஒட்டி மறைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காற்று திரும்பியபோது வெடுக்கியின் மூக்கில் ஒரு கெட்ட வாடை ஏறியது.

"சாம்பி, வலிக்குதா?"

"எனக்கா? இல்லையே."

"சாப்பிடலையே."

"பசிக்கலை."

"உடம்பு கொதிக்குது."

"வெயில்."

"நீ படுத்திருக்கிறது நிழல்ல."

"அப்போ நிழலும் சூடா இருக்கு. போடி, உன்கிட்ட யாரு வாயாடுறது?"

வெடுக்கி விடவில்லை. வலியை மறைப்பதால் வரும் கேடுகளை வரிசையாக எடுத்து வைத்தாள். உவமை சொன்னாள். சாம்பி சொன்ன ஒவ்வொன்றையும் மடக்கினாள். வாதத்தில் வென்றது வெடுக்கிதான். ஆனாலும் சாம்பி காயத்தைக் காட்டவில்லை. வென்று என்ன பயன்?

அதைவிடக் கொடுமை, அன்று மத்தியானமே சாம்பி பாறை ஏறப் பார்த்தாள். பாதி ஏறியவள் சறுக்கி, காயம்பட்ட தோளின்மேலேயே விழுந்தாள்.

"சும்மா வழுக்கிடுச்சு," என்று எழுந்து உட்கார்ந்தாள். அவள் மூச்சு அறுந்து அறுந்து வந்தது.

வெடுக்கி ஓடைக்கரைக்குப் பாய்ந்து போய் நண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். நண்டைக் கண்டதும் சாம்பி இன்னும் இறுக்கமாகப் பாறையோடு ஒட்டிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கேன், வைத்தியரே," என்று பல்லைக் காட்டினாள். அது சிரிப்பா உறுமலா என்று நண்டுக்குப் புரியவில்லை.

"காட்டாத புண்ணுக்கு நான் எங்கே மருந்து போடுறது?" என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கம்போலப் பக்கவாட்டில் நகர்ந்து போய்விட்டார்.

வெடுக்கிக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே ஆலமரத்தடிக்குப் போனாள். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"அவ தோலைத் தைச்சது தையல்சிட்டு. வாயைத் தைச்சது நீங்க," என்றாள்.

"அடியே கீரி, நல்ல வார்த்தை சொன்னது ஒரு குத்தமா?" என்றாள் மந்தி.

"சிங்கம்னு சொல்லிட்டீங்க. சிங்கம் எப்படி முனகும்? நெஞ்சுரம்னு சொல்லிட்டீங்க. இனி அவ எந்த நெஞ்சோட ஐயோன்னு சொல்லுவா? உங்க எல்லாருக்கும் பாராட்டிட்டு வீட்டுக்குப் போற சுகம். அவளுக்கு அந்தப் பாராட்டையும் சேர்த்து மூணு காலால சுமக்கிற பாடு."

"அப்போ நோயாளியைப் பார்த்து ஐயோ பாவம்னு அழணுமா? அது நல்லாவா இருக்கு?" என்றான் பன்றி.

"அழச் சொல்லலை. கேக்கச் சொல்றேன்."

"கேட்டியே நீ. சொன்னாளா?" என்றார் யானை.

வெடுக்கிக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்வி. அவள் கேட்டாள்தான். கேட்ட வேகத்திலேயே வாதாடவும் செய்தாள். வாதாடுகிறவளிடம் யார் மனம் திறப்பார்கள்?

வெகுநேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நாளைக்குச் சாயங்காலம் ஒரு போட்டி வைக்கலாம்," என்றாள்.

மறுநாள் வெயில் சாயும் நேரம். பாறையடியில் எல்லோரும் கூடினார்கள். நண்டையும் தையல்சிட்டையும் வெடுக்கி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

"இது புலம்பல் போட்டி," என்றாள் வெடுக்கி. "யாருக்கு என்ன வலியோ அதைச் சொல்லலாம். வலி பெருசோ சின்னதோ, உண்மையா இருக்கணும். ஜெயிச்சவங்க பேசும்போது மத்தவங்க எல்லாரும் வாய்மூடிக் கேக்கணும். அதுதான் பரிசு. யாரும் யாரையும் பாராட்டக் கூடாது. சாம்பிதான் நடுவர்."

"நான் எதுக்கு?" என்றாள் சாம்பி.

"இந்தக் காட்டுலயே வலி இல்லாதவ நீ ஒருத்திதானே. நடுவர் நடுநிலையா இருக்க வேண்டாமா?"

சாம்பியால் மறுக்க முடியவில்லை.

மயில் முதலில் வந்தான். "என் தோகையில நடு இறகு ஒண்ணு விழுந்துடுச்சு. அந்த இடம் மொட்டையாத் தெரியுது. பார்க்கிறவங்க எல்லாம் அந்த ஓட்டையைத்தான் பார்க்கிறாங்க. கண்ணு பொத்துப்போன மாதிரி இருக்கு," என்று ஓவென்று அழுதான்.

அடுத்து மந்தி. "நேத்து ஒரு விளாம்பழம் உச்சந்தலையில விழுந்துச்சு. தொட்டா வலிக்குது."

"தொடாதே," என்றான் பன்றி.

"தொடாம இருந்தா வலிக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று மந்தி மறுபடியும் தலையைத் தொட்டுக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. சாம்பியின் வால்கூட லேசாக அசைந்தது.

பிறகு யானை வந்து நின்றார். அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "என் காதுக்குள்ள ஒரு கொசு புகுந்து பாடிக்கிட்டே இருந்துச்சு. அது செத்து விழுந்ததை என் கண்ணால பார்த்தேன். ஆனா பாட்டு இன்னும் கேக்குது. இல்லாத கொசு இவ்வளவு தொந்தரவு பண்ணுமான்னு எனக்கே வெக்கமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாம்பி மட்டும் சிரிக்கவில்லை. இலைக்கூம்பைத் திருப்பி யானையைப் பார்த்தாள்.

"போனதுக்கு அப்புறமும் கேக்குதா?"

"கேக்குது, சாம்பி."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?"

சாம்பி தலையைத் தாழ்த்தினாள். கூம்பின் விளிம்பு மண்ணில் உரசியது. அவள் பேசியபோது குரல் கூம்புக்குள்ளிருந்து கம்மி வந்தது.

"எனக்குப் போன கால் அரிக்குது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இல்லாத பாதத்துல கம்பி இன்னும் இறுக்குது. திரும்பிப் பார்த்தா அங்கே ஒண்ணுமே இல்லை. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயந்தேன். தோள் வீங்கிக் கல்லு மாதிரி இருக்கு. உள்ளே ஏதோ குத்திக் குத்தி எடுக்குது. சாப்பாட்டை மோந்தாலே குமட்டுது. மிச்சம் இருக்கிற முன்னங்கால் என் பாரம் மொத்தத்தையும் தாங்கித் தாங்கி நோகுது."

மந்திக்குப் பழக்கதோஷம். "இத்தனையும் தாங்கின நீ ஒரு" என்று தொடங்கினாள். வெடுக்கி அவள் வாலை அழுத்தி மிதித்தாள். மந்தி வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் வெடுக்கி. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"காவக்காரிக்கே வலின்னு தெரிஞ்சா, வேற ஆளை வெச்சுடுவீங்களே," என்றாள் சாம்பி.

பன்றி தரையைப் பார்த்தான். பாறைமேல் நிற்கும்படி சொன்னவன் அவன்தானே.

"வெப்போம்தான்," என்றாள் வெடுக்கி. "நீ ஆறுற வரைக்கும் நான் நிப்பேன். ஆறினதும் இறங்கிடுவேன். அந்தப் பாறையில வெயில் நேரா மண்டையில அடிக்குது, எனக்கு ஒத்துக்காது."

சாம்பி மெல்லப் புரண்டு படுத்து, காயத்தைக் காட்டினாள்.

கொதித்துச் சிவந்த வீக்கம். கீழ்த்தையல் இரண்டு பிரிந்து சீழ் கட்டியிருந்தது. தையல்சிட்டு அதைப் பார்த்தாள். தன் பெயரைப் பற்றி ஒன்றுமே பேசாமல் சிலந்தி நூல் தேடப் பறந்தாள். நண்டு ஒரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். ஓடைத் தண்ணீரால் கழுவி, மென்ற வேப்பிலையைச் சுற்றிலும் அப்பினார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாப் போயிருக்கும்," என்றார். "போன கால் அரிக்கிறது சகஜம்தான். நான் கால் எடுத்தவங்க பலபேர் சொல்லியிருக்காங்க. போகப் போகக் குறையும்."

வெடுக்கி அவர் முன்னால் போய் நின்றாள். "சகஜம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே."

"இப்படி ஒண்ணு வரும்னே தெரியாதவ எப்படிக் கேப்பா? வெட்டினவர் நீங்க. இன்னது வரும், பயப்படாதேன்னு சொல்ல வேண்டியது யாரு?"

நண்டு பக்கவாட்டில் நகரப் பார்த்தார். வெடுக்கியும் கூடவே பக்கவாட்டில் நகர்ந்தாள்.

"இனிமே சொல்லிடறேன்மா," என்றார் நண்டு.

அன்றுமுதல் வெடுக்கி பாறைமேல் காவல் நின்றாள். கீழே படுத்திருந்த சாம்பி, சேர்த்துவைத்ததையெல்லாம் வட்டியோடு புலம்பித் தீர்த்தாள். தோள் வலிக்கிறது என்றாள். இல்லாத பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றாள். இந்தக் கூம்புக்குள் ஈ புகுந்தால் வெளியே போக வழி தெரியாமல் சுற்றுகிறது என்றாள். நடுவரே போட்டியில் வென்றாள் என்று காடே ஒப்புக்கொண்டிருந்தது. எல்லோரும் வாய்மூடிக் கேட்டார்கள். சிறுத்தை வந்தபோது வெடுக்கி கொடுத்த எச்சரிக்கைக் குரல் தும்மல் மாதிரி இருந்ததாகச் சாம்பி குறை சொன்னபோதுகூட, வெடுக்கி எதிர்த்துப் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேப்பிலை காய்ந்து உதிர்ந்தது. வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் மந்தி வந்து, பாராட்டு ஒன்றும் கொண்டுவராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வலிக்குதாடி?"

சாம்பி தோளை அசைத்துப் பார்த்தாள். தன் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக ஊன்றிப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள்.

இந்தமுறை வெடுக்கியும் அதை நம்பினாள். பாறையிலிருந்து இறங்கி வழிவிட்டாள்.

நீதி: நோவில் கிடப்பவரைத் தைரியசாலி என்று புகழ்ந்துவிட்டுப் போகாதே, வலிக்கிறதா என்று கேட்டு, பதில் வரும்வரை இரு.