ஐந்தே முக்கால் மணி நேர ஓய்வு

சிதம்பரநாதன் செயலி எழுதப் பாடம் கேட்க வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. குரு ஞானசுந்தரிக்கு முப்பத்துநாலு. அதனால் அவள் அவரை ‘சார்’ என்றாள், அவர் அவளை ‘மேடம்’ என்றார். பாடத்துக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை.

மதுரையில் ஒரு மாடி அறையில் அவர்கள் வேலை. தனியாக வசிக்கும் வயதானவர்களுக்காக ஒரு போன் செயலி செய்தார்கள். போனைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் சென்சார் உடம்பின் அசைவை எண்களாகத் தரும். நடக்கிறார், உட்கார்ந்தார், ஓய்வு, விழுந்தார் என்று நான்கில் ஒன்றைச் செயலி எழுதிக்கொள்ளும். விழுந்தார் என்றால் பிள்ளைகளின் போனில் அலாரம் அடிக்கும்.

விழுவது எப்படி இருக்கும் என்று செயலிக்குக் கற்றுக்கொடுத்தவர் சிதம்பரநாதன்தான். கல்லூரி விடுதிப் பையன்கள் முப்பது பேரை வரவழைத்து மெத்தையில் விழச் சொன்னார். தடால் தடால் என்று விழுந்தார்கள். பஜ்ஜியும் டீயும் நன்றாக இருந்ததால் சிலர் கேட்காமலே இரண்டாம் தடவையும் விழுந்தார்கள்.

செயலி வெளியே போனது. சன்னதியில் விழுந்து கும்பிட்டவர்களுக்கெல்லாம் அலாரம் அடித்தது. பொத்தென்று தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையை இழுத்தவர்களுக்கும் அடித்தது. பிள்ளைகள் போன் போட்டுத் திட்டினார்கள். இவ்வளவு அதிர்ந்தால்தான் விழுந்ததாக அர்த்தம் என்ற அளவை சிதம்பரநாதன் உயர்த்தி வைத்தார். ஞானசுந்தரி பார்த்துவிட்டு, சரி என்றாள். புகார் நின்றது.

அடுத்த மாதம், அந்தப் போனைக் கட்டியிருந்த சௌந்தரத்தம்மாள் என்பவர் விழுந்தார்.

காலை ஆறே காலுக்கு, குளியலறை வாசலில். சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது; அலாரம் அடிக்கவில்லை. மகள் பவளக்கொடி மதியச் சாப்பாட்டோடு வந்து கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் இறந்துபோனார்.

இன்று பதினொரு மணிக்குப் பவளக்கொடி இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்கணும் என்று மட்டும் போனில் சொன்னாள்.

சிதம்பரநாதன் பத்து மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தாள், அந்த அம்மாள் விழுந்த நாளில் செயலி எழுதிய பதிவு.

“மேடம், எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்க தப்புன்னுதான் தெரியலை.”

ஞானசுந்தரி தாளை வாங்கிப் படித்தாள். ஆறு பதினைந்து, உட்கார்ந்தார். ஆறு பதினாறிலிருந்து பன்னிரண்டு வரை, ஓய்வு.

அவள் மேஜை டிராயரிலிருந்து போன் போட்ட ஒரு துணிப்பையை எடுத்தாள்.

“இதக் கட்டிக்கங்க சார்.”

கட்டிக்கொண்டார்.

“சுவரைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா சரியுங்க. போன் அடியில வரட்டும். அப்படியே படுங்க.”

படுத்தார். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

கால்மணி போனது. டைல்ஸ் தரை சட்டையைத் தாண்டிச் சில்லிட்டது. போன் இடுப்பெலும்பில் குத்தியது. அவர் கண்ணுக்கு மேஜையின் கால்களும் ஒரு ஒயரும் மட்டும் தெரிந்தன.

“மேடம், வலிக்குது.”

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் அவர் இடுப்புப் போன் அனுப்பிய ஒரு நேர்க்கோடு. அதற்குக் கீழே, ஓய்வு.

மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரைமணி ஆயிற்று. கை மரத்துவிட்டது.

“எந்திரிக்கலாமா மேடம்?”

“உங்களால முடியும். எந்திரிங்க.”

சிதம்பரநாதன் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் தரையில் வைத்து அழுதார். அவள் தடுக்கவில்லை. அந்த அளவுக்குச் சரி என்று சொன்னது அவள் வாய்தானே.

பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அளவைக் குறைச்சுடறேன்.”

“குறைச்சா கும்பிடுறவங்களுக்கும் அடிக்கும். அதுக்காகத்தானே கூட்டுனோம்.”

“நிம்மதியாப் படுத்தவங்களையும், எந்திரிக்க முடியாமக் கிடக்கறவங்களையும் எப்படிப் பிரிக்கறது?”

ஞானசுந்தரி அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்து, வெறும் மேஜைமேல் வைத்தாள். திரையில் அதே நேர்க்கோடு. கீழே, ஓய்வு.

“ஆளே இல்லாட்டியும் ஓய்வுதானா மேடம்!” என்றார் அவர்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பவளக்கொடி நின்றாள்.

சிதம்பரநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்கம்மா கிடந்தது உங்க போனுக்கு ஏன் தெரியலைன்னு கேப்பாங்க மேடம். என்ன சொல்றது?”

“தெரியலைன்னுகூட அதுக்கு எழுதத் தெரியாது, அப்படி ஒண்ணை உங்கம்மா இடுப்புல கட்டிவிட்டுட்டோம்னு சொல்லுங்க” என்றாள் ஞானசுந்தரி. “நானும் பக்கத்துல நிக்கிறேன்.”