சந்தில்லாத சுவர்

கூழாங்கல் கடற்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு ஓலைக் கொட்டகை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். குரு மரகதம்மாளுக்கு நாற்பது வயது. சீடர் வேதமுத்துக்கு அறுபது. கொத்தனார் வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர்.

தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவருக்கு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. மடத்துக்கே இரண்டு தடவை தேடி வந்தாள். இரண்டு தடவையும் முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தார்.

"யார் சொல்லும் உள்ளே நுழையாதபடி மனசைக் கட்டிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா" என்றார்.

"சொல்றேன்ணே. ஆடி அமாவாசைக்குக் கடல் ஏறும். முதல்ல அடுப்படிக்கு முன்னால ஒரு சுவர் கட்டுங்க."

கொத்தனார் கைக்குச் சொல்லவா வேண்டும்? கரைக் கல்லைப் பொறுக்கி, சிமெண்டு குழைத்து, சந்து பொந்தெல்லாம் அடைத்து, மேலே வழவழவென்று பூசியும் விட்டார். "எறும்புகூட நுழையாதும்மா" என்று மார்தட்டிக்கொண்டார்.

அமாவாசை வந்தது. இரண்டு நாள் அலை அடித்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அட கடவுளே, பாதிச் சுவர் குப்புறக் கிடக்கிறது. காலடிக் கல்லையெல்லாம் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில், சுவரே இல்லாத இடத்தில், கூழாங்கல் இடுப்பளவு மேடாகக் குவிந்திருந்தது.

வேதமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "கட்டின இடத்தை அரிச்சிட்டு, கட்டாத இடத்துல கொண்டாந்து கொட்டியிருக்கு! இது என்னம்மா நியாயம்?"

விழாமல் மிச்சமிருந்த சுவரின்மேல் மரகதம்மாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அது பூச்சின்மேல் சரசரவென்று வழிந்து, அடியிலிருந்த பொடிக்கல்லையும் இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னொரு குடத்தைக் கூழாங்கல் மேட்டில் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கிக் காணாமல் போனது. ஒரு கல் அசையவில்லை.

"வர்ற அலைதான் கல்லைக் கொண்டு வருது. தண்ணி இப்படி உள்ள இறங்கிட்டா, அதைத் திரும்ப இழுத்துட்டுப் போக என்னண்ணே இருக்கு?"

கடல் ஏறிய சேதி கேட்டுப் பதறி ஓடி வந்த மகள் அப்போது வாசல் படலருகே நின்று, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

வேதமுத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அவகிட்டப் போகணும்னு உயிர் கிடந்து அடிச்சுக்குதும்மா. போய் என்ன பேச? என் மனசு கல்லாப் போச்சே."

"கல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றார் மரகதம்மாள். "பூச்சு வேலை மட்டும் வேண்டாம்."